ஏழு மணி டீயும் ஏழு சதவிகித வளர்ச்சியும்

பொருளாதாரம் ஏறுகிறதா, இறங்குகிறதா? டெல்லியிலிருந்து புள்ளிவிவரம் வருவதற்குள் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு விடை தெரிந்துவிடுகிறது. அந்த விடையைக் கேட்கத்தான் ஆளில்லை.

முகப்பேர் மேற்கிலிருந்து வாவின் பஸ் ஸ்டாப் வழியாக அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் நுழையும் சாலையில் ஒரு டீக்கடை. மாலை ஷிஃப்ட் முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் அங்கே அடுப்பு அணையாது. ஏழு மணிக்குக் கடைக்காரர் ஃப்ளாஸ்க்குகளில் டீ ஊற்றி, வடையைத் தாளில் மடித்து, பையனிடம் கொடுத்து அனுப்புவார். ஓவர்டைம் பார்க்கிறவர்களுக்கான டீ அது. 2019 ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரு நாள் அவர் ஃப்ளாஸ்க்குகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

“அஞ்சு ஃப்ளாஸ்க் போன எடத்துல ரெண்டுதான் சார் போவுது. ஆடி மாசம், அதான் டல்லுன்னு நெனச்சேன். ஆவணி பொறந்து பத்து நாளாச்சு, அப்படியேதான் கெடக்கு.”

அந்த மாதம் 7ஆம் தேதிதான் ரிசர்வ் வங்கி 2019-20க்கான வளர்ச்சி 6.9 சதவிகிதமாக இருக்கும் என்று சொல்லியிருந்தது. ஜூனில் சொன்னது 7.0. ஆகஸ்ட் 30 அன்று தேசியப் புள்ளியியல் அலுவலகம் ஏப்ரல்-ஜூன் காலாண்டின் கணக்கை வெளியிட்டது: 5.0 சதவிகிதம். நாடு அதிர்ந்தது. டீக்கடைக்காரர் அதிரவில்லை. அவருடைய ஃப்ளாஸ்க் கணக்கு ஜூலையிலேயே இறங்கத் தொடங்கியிருந்தது.

அவர் சொன்னதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ‘ஆடியா, அதைத் தாண்டிய வேறு ஏதாவதா?’ என்று அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். புள்ளியியல் நிபுணர்கள் பருவத் தாக்கத்தைக் கழித்துப் பார்ப்பது என்று சொல்வார்களே, அதைத்தான் அவர் கல்லாவில் உட்கார்ந்தபடி செய்தார்.

நான்கு கட்டம், நூறு குழப்பம்

பாடப்புத்தகம் இதை எளிதாகச் சொல்லிவிடும். ஏற்றம், உச்சம், சரிவு, அடிமட்டம். பிறகு மீட்சி, மறுபடியும் ஏற்றம். இதுதான் வணிகச் சுழற்சி. படமாக வரைந்தால் அலை போல அழகாக இருக்கும். சிக்கல், அந்த அலையின் எந்த இடத்தில் இன்று நிற்கிறோம் என்று கண்டுபிடிப்பதில் இருக்கிறது. உச்சியில் நிற்கும்போது எவருக்கும் அது உச்சி என்று தெரிவதில்லை. இன்னும் ஏறலாம் என்றுதான் தோன்றும்.

தொடர்ந்து இரண்டு காலாண்டு உற்பத்தி சுருங்கினால் மந்தம் என்று ஒரு விதி ஊர் முழுக்கச் சொல்லப்படுகிறது. 1974இல் ஜூலியஸ் ஷிஸ்கின் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் ஒரு செய்தித்தாள் கட்டுரையில் சொன்ன அடையாளங்களில் அதுவும் ஒன்று. இந்தியாவில் அந்த விதியை மட்டும் நம்பினால் அநேகமாக எந்தச் சரிவும் கண்ணில் படாது. 1979-80இல் வறட்சியும் எண்ணெய் விலையும் சேர்ந்து பொருளாதாரம் 5.2 சதவிகிதம் சுருங்கியது. அதன் பிறகு 2020 கொரோனா வரைக்கும் நாற்பது ஆண்டுகள், முழு ஆண்டுக் கணக்கில் நம் உற்பத்தி ஒருமுறைகூடச் சுருங்கவில்லை. அந்த நாற்பது ஆண்டுகளில் அம்பத்தூரில் மந்தமே வரவில்லை என்று எந்த லேத் பட்டறையிலாவது சொல்லிப் பாருங்கள்!

வளரும் நாட்டில் சுழற்சி என்பது வளர்ச்சியின் வேகத்தில் நடக்கிறது. எட்டில் ஓடிய வண்டி நாலுக்கு இறங்கினால் வண்டி இன்னமும் முன்னால்தான் போகிறது. எட்டை நம்பிக் கடன் வாங்கியவன் மட்டும் கீழே விழுந்துவிடுகிறான். டெல்லி பொருளாதாரப் பள்ளியின் பமி துவா, அனிர்வன் பானர்ஜியுடன் சேர்ந்து இந்தியச் சுழற்சிகளுக்குத் தேதி குறித்துப் பல ஆண்டுகளாக ஆய்வுகள் எழுதியிருக்கிறார். ஆனால் அரசு சார்பில் தேதி குறிக்கும் குழு என்று ஒன்று இன்றுவரை நம்மிடம் இல்லை.

■ தேதி குறிக்கும் குழு
அமெரிக்காவில் 1920இல் தொடங்கப்பட்ட என்.பி.இ.ஆர். என்ற தனியார் ஆய்வு அமைப்பு 1978 முதல் இதற்கென ஒரு குழுவை வைத்திருக்கிறது. சரிவின் ஆழம், பரவல், நீளம் மூன்றையும் அக்குழு பார்க்கிறது. 2007 டிசம்பரில் தொடங்கிய மந்தத்தை அது அறிவித்தது 2008 டிசம்பர் 1 அன்று. லேமன் பிரதர்ஸ் விழுந்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது. 2020 கொரோனா மந்தம் ஏப்ரலிலேயே முடிந்தது என்று அது சொன்னது 2021 ஜூலையில்.

2019: பாடியில் நின்ற சக்கரம்

நம் பகுதிக்காரர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்தியது 2019. 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள். பக்கத்தில் பாடி. லூகாஸ், பிரிட்டானியா, டன்லப், டி.ஐ. சைக்கிள்ஸ் என்று ஆலைகளின் பெயரையே பஸ் ஸ்டாப்களுக்கு வைத்துக்கொண்ட ஊர் இது. பிரேக், ஸ்டார்ட்டர் மோட்டார், போல்ட்டு, சக்கரம் என்று வாகனத்தின் உடம்பில் பாதி இந்தச் சில கிலோமீட்டருக்குள் பிறக்கிறது. பெரிய ஆலை ஒன்றுக்குப் பின்னால் நூறு சிறிய ஷெட்கள் ஜாப் ஒர்க் செய்கின்றன. அங்கே வேலை பார்ப்பவர்களில் கணிசமானவர்கள் முகப்பேர், மண்ணூர்பேட்டை, கொரட்டூர், பாடி வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்கள்.

2018-19இல் நாட்டில் 10.07 லட்சம் வணிக வாகனங்கள் விற்றன. அதற்கு முன் இல்லாத சாதனை. எஸ்டேட்டில் ‘மிஷின் போதவில்லை’ என்ற பேச்சு. எனக்குப் பழக்கமான ஜாப் ஒர்க் முதலாளி ஒருவர் அந்த ஆண்டுதான் வங்கிக் கடனில் இரண்டாவது வி.எம்.சி. மிஷினை (கணினி வழி உலோகம் குடையும் மிஷின்) இறக்கினார். மிஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கிய அன்று அவர் முகத்தில் இருந்த பூரிப்பு எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. சுழற்சியின் உச்சியில் அவர் நின்ற நாள் அது. அவருக்கும் தெரியாது, கடன் கொடுத்த மேனேஜருக்கும் தெரியாது.

அறிகுறிகள் அப்போதே இருந்தன. 2018 ஜூலையில் லாரிகளின் அச்சுப் பளு வரம்பை அரசு உயர்த்தியது. இருக்கிற லாரியிலேயே கூடுதல் சரக்கு ஏற்றலாம் என்றால் புது லாரி எதற்கு? செப்டம்பரில் ஐ.எல்.&எஃப்.எஸ். நிறுவனம் கடனைக் கட்டத் தவறியது. வாகனக் கடன் தந்துகொண்டிருந்த நிதி நிறுவனங்கள் கையை இறுக்கின. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 வண்டி மட்டுமே விற்கலாம் என்ற கெடு வேறு. ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்தவர்கள் ‘சமாளித்துவிடலாம்’ என்றார்கள்.

2019 ஆகஸ்ட்டில் பயணிகள் வாகன விற்பனை 1,96,524. முந்தைய ஆகஸ்ட்டில் 2,87,198. ஏறக்குறைய 32 சதவிகித வீழ்ச்சி. பாடியில் சுந்தரம் கிளேட்டன் ஆகஸ்ட் 16, 17 தேதிகளை வேலையில்லா நாள்களாக அறிவித்தது. செப்டம்பரில் அசோக் லேலண்ட் தன் எண்ணூர் ஆலைக்கு அறிவித்தது 16 நாள்கள். ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் வாங்கக்கூட மக்கள் இரண்டு முறை யோசிக்கிறார்கள் என்று பிரிட்டானியாவின் அப்போதைய நிர்வாக இயக்குநர் வருண் பெர்ரி பேசியதும் அந்த ஆகஸ்ட்டில்தான். லாரியும் காரும் இறங்கினால் அது ஒரு தொழிலின் கஷ்டம். பிஸ்கட்டும் சேர்ந்து இறங்கினால் சரிவு பரவிவிட்டது என்று பொருள்.

■ ஒரே ஆண்டு, எட்டு எண்கள்
2019-20இன் வளர்ச்சி:
ரிசர்வ் வங்கியின் கணிப்புகள் – 2019 பிப்ரவரி 7.4, ஏப்ரல் 7.2, ஜூன் 7.0, ஆகஸ்ட் 6.9, அக்டோபர் 6.1, டிசம்பர் 5.0.
புள்ளியியல் துறையின் கணக்கு – 2020 மே 4.2; பலமுறை திருத்தப்பட்டு 2023 பிப்ரவரியில் 3.9.

இந்த எட்டு எண்களுக்கு நடுவே ரிசர்வ் வங்கி சும்மா இருக்கவில்லை. 2019இல் ஐந்து முறை வட்டியைக் குறைத்து, 6.50இல் இருந்த ரெப்போவை 5.15க்குக் கொண்டுவந்தது. இது சுழற்சியின் இறக்கமா, அமைப்பிலேயே கோளாறா என்ற கேள்வியையும் ஆகஸ்ட் 29 அன்று வந்த அதன் ஆண்டறிக்கை கேட்டது. ஆழமான அமைப்புக் கோளாறைவிட இது சுழற்சியின் இறக்கம்தான் என்று நிலைப்பாடும் எடுத்தது. நோயின் பெயரைத் தெரிந்துகொண்டார்கள். அதன் ஆழத்தை அளந்ததில்தான் தாமதமானது.

இறங்கும் வரிசை

எஸ்டேட்டில் பல ஆண்டுகள் இருந்தவர்களிடம் கேட்டால் சரிவுக்கு ஒரு வரிசை சொல்வார்கள். முதலில் போவது ஓ.டி. எனும் ஓவர்டைம். அதை நிறுத்த நோட்டீஸ் ஒட்ட வேண்டாம், யூனியனைக் கூப்பிட்டுப் பேச வேண்டாம், நஷ்ட ஈடு தர வேண்டாம். முதலாளிக்குச் சந்தேகம் தட்டிய அன்றே சூப்பர்வைசர் ‘இன்னைக்கு எல்லாரும் அஞ்சரைக்குக் கெளம்புங்க’ என்று சொல்லிவிடலாம். அமெரிக்காவின் கான்ஃபரன்ஸ் போர்டு மாதந்தோறும் வெளியிடும் முன்னறிகுறிக் குறியீட்டிலும் ஆலைத் தொழிலாளர்களின் வாராந்தர வேலை நேரம் ஓர் அங்கம். டீக்கடை ஃப்ளாஸ்க்கும் அந்தக் குறியீடும் அளப்பது ஒன்றையேதான்.

அடுத்தது ஷெட்யூல். பெரிய ஆலை இந்த மாதம் இத்தனை உருப்படி, அடுத்த இரண்டு மாதத்துக்கு உத்தேசமாக இத்தனை என்று பட்டியல் தரும். உத்தேசக் கட்டம் குறைந்தால் எச்சரிக்கை. மாத நடுவில் இந்த மாதத்து எண்ணே திருத்தப்பட்டால் ஆபத்து.

மூன்றாவது, பணம். அறுபது நாளில் வந்த செக் தொண்ணூறு நாளாகும், பிறகு நூற்றிருபது. சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பி நிற்கும் ஷெட்காரர் அவர்மேல் புகார் கொடுப்பாரா? உரிய காலத்தில் பணம் தராவிட்டால் அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்ற விதி 2024 ஏப்ரலில் வந்த பிறகுதான் அந்தப் பிடி கொஞ்சம் இறுகியிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் ஆட்கள். முதலில் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள், அவர்களிலும் வெளி மாநிலத்திலிருந்து வந்தவர்கள். மண்ணூர்பேட்டையில் மூன்று அறைகளைப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த ஒரு அம்மா 2019 தீபாவளியைப் பற்றி இப்படிச் சொன்னார்: “லீவுக்கு ஊருக்குப் போறோம்மான்னாங்க. பெட்டி படுக்கை எல்லாத்தையும் தூக்கிட்டுப் போறப்பவே எனக்குப் புரிஞ்சுடுச்சு.” அவர்களுடைய வேலை இழப்பு எந்த வேலையின்மைப் பட்டியலிலும் ஏறியிருக்காது. ஊருக்குப் போய் வயலில் இறங்கியவர்களை விவசாயத்தில் வேலை பார்ப்பவர்கள் என்றுதான் கணக்கெடுப்பு எழுதிக்கொள்ளும்.

எல்லாவற்றுக்கும் கடைசி, வங்கி. தவணை தவறி 90 நாள் தாண்டினால் வாராக்கடன். வி.எம்.சி. வாங்கிய நண்பரின் தவணை தடுமாறியது 2020 ஜனவரியில். சரிவு தொடங்கி ஓராண்டுக்கும் மேல் ஆன பிறகு! வாராக்கடனைப் பார்த்து மந்தத்தைக் கண்டுபிடிப்பது, வெள்ளம் வடிந்த பிறகு சுவரில் தண்ணீர் நின்ற கறையைப் பார்த்து மழையை அறிவது போல.

நின்றதெல்லாம் மந்தமா?

வெள்ளம் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எஸ்டேட்டுக்குள் தண்ணீர் புகுந்து மிஷின்கள் மூழ்கின. உற்பத்தி படுத்தது. அது சுழற்சியின் சரிவில்லை, அதிர்ச்சி. ஆர்டர் கையில் இருந்தது, மிஷின்தான் நின்றது. 2012இல் தமிழ்நாட்டைப் பிடித்தாட்டிய மின்வெட்டின்போது ஆலைகளின் மின் பயன்பாடு குறைந்ததற்குக் காரணம் தேவை இறங்கியதில்லை; கரண்டே இல்லை. மின் பயன்பாட்டை மட்டும் வைத்து அன்று மந்தம் என்று முடிவு கட்டியிருந்தால் முற்றிலும் தப்பாகியிருக்கும்.

எதிர்த்திசைத் தவறும் உண்டு. 2021 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் வளர்ச்சி 20.1 சதவிகிதம் என்று வந்ததும் கொண்டாட்டமாகப் பேசப்பட்டது. முந்தைய ஆண்டின் அதே காலாண்டு, ஊரடங்கில் படுத்துக் கிடந்த காலாண்டு. ரூபாயில் பார்த்தால் 2019இல் 35.66 லட்சம் கோடியாக இருந்த உற்பத்தி, 2020இல் 26.95 ஆக விழுந்து, 2021இல் 32.38க்கு ஏறியது. நூறு உருப்படி போட்ட லேத் 76க்கு இறங்கி 91க்கு வந்திருக்கிறது. அது மீட்சி, ஏற்றம் இல்லை. வணிக வாகன விற்பனையையும் பாருங்கள்: 10.07 லட்சம், அடுத்த ஆண்டு 7.17 லட்சம், அதற்கடுத்த ஆண்டு 5.68 லட்சம். இந்தப் பள்ளத்திலிருந்து ஏறும் முதல் ஆண்டில் எந்த சதவிகிதமும் பிரமாண்டமாகத்தான் தெரியும்.

தப்பாகப் படித்தால் யார் தலையில்?

கட்டத்தைத் தவறாகக் கணித்தால் பெரிய ஆலைக்கு ஒரு காலாண்டு லாபம் போகும். பத்துப் பேர் வேலை பார்க்கும் ஷெட்டுக்கு ஷெட்டே போய்விடும். மருந்தும் அதனால்தான் நேரத்துக்கு வர வேண்டும்.

2019 செப்டம்பர் 20 அன்று இரண்டு அறிவிப்புகள் வந்தன. கம்பெனிகளின் வருமான வரி 30 சதவிகிதத்திலிருந்து 22க்குக் குறைக்கப்பட்டது; அன்றைய தலைப்புச் செய்தி அதுதான். அதே நாள் கோவாவில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், இன்ஜினீயரிங் ஜாப் ஒர்க்குக்கான வரியை 18லிருந்து 12 சதவிகிதமாகக் குறைத்தது. முன்னது லாபம் பார்த்தவர்களுக்கு. பின்னது அக்டோபர் 1 முதல் அம்பத்தூர், கோவைப் பட்டறைகளின் கையில் நேரடியாகக் காசாகத் தங்கியது. சரிவு தொடங்கிய 2018 இறுதியிலேயே அது வந்திருந்தால் எத்தனையோ ஷெட்கள் கதவைச் சாத்தியிருக்காது என்பது என் உறுதியான கருத்து. வராததற்குக் காரணம் கெட்ட எண்ணம் என்று நான் சொல்லமாட்டேன். கீழே நடப்பது மேலே தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை என்றால், காலாண்டுக் கணக்கில் சிறு தொழில்கள் நேரடியாக இருக்கவில்லை. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பெரிய கம்பெனிகளின் முடிவுகளை வைத்தே பதிவில்லாச் சிறு தொழில்களின் உற்பத்தியும் பெருமளவு மதிப்பிடப்பட்டுவந்தது. பெரியவர் ஏறினால் சின்னவரும் ஏறியதாகப் பொருள். பண மதிப்பிழப்பு, ஜி.எஸ்.டி., கொரோனா என்று வரிசையாக வந்த அடிகளில் சின்னவர் இழந்த ஆர்டர் பெரியவருக்குப் போன இடங்களில் இந்தக் கணக்கு நிலவரத்தைத் தலைகீழாகக் காட்டும்.

■ எந்த எண் எப்போது வரும்?
ஜி.எஸ்.டி. வசூல் – மாதத்தின் முதல் நாள்கள்.
பி.எம்.ஐ. – சுமார் 400 உற்பத்தி நிறுவனங்களின் கொள்முதல் அதிகாரிகளிடம் கேட்டு எடுப்பது. 50க்கு மேல் என்றால் விரிவு, கீழே என்றால் சுருக்கம்.
தொழில் உற்பத்திக் குறியீடு – 2025 ஏப்ரல் முதல் ஒவ்வொரு மாதமும் 28ஆம் தேதி. முன்பு ஆறு வாரத் தாமதம்.
ஆலைகளின் திறன் பயன்பாடு – ரிசர்வ் வங்கியின் காலாண்டு ஆய்வு. 2020 ஏப்ரல்-ஜூனில் 47.3 சதவிகிதமாக வீழ்ந்தது.
உள்நாட்டு உற்பத்தி (ஜி.டி.பி.) – காலாண்டு முடிந்து ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து, பின்னர் திருத்தங்கள்.

இப்போது எங்கே நிற்கிறோம்?

2025 ஜூலை-செப்டம்பர் காலாண்டின் வளர்ச்சி 8.2 சதவிகிதம் என்று அறிவிக்கப்பட்டது. செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கும் 350 சி.சி. வரையிலான இருசக்கர வாகனங்களுக்கும் ஜி.எஸ்.டி. 28லிருந்து 18க்கு இறங்கியது. ரெப்போ டிசம்பரில் 5.25. ஏற்றத்துக்கான எண்ணெய் எல்லாம் ஊற்றியாகிவிட்டது.

ஆனால் அந்த 8.2 என்பது விலைவாசியைக் கழித்த எண். கழிக்காமல் பார்த்தால் 8.7 மட்டுமே. இரண்டுக்கும் இடையில் இவ்வளவு சின்ன இடைவெளி இருந்தால் பொருள் கூடுதலாகப் போகிறது, விலை ஏறவில்லை என்று பொருள். வாங்குபவருக்கு நல்லது. ஆனால் பட்டறைக்காரர் தவணை கட்டுவது ரூபாயில். உருப்படிக் கணக்கில் ஏற்றமும் கல்லாவில் இறுக்கமும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதை இந்த இரண்டு எண்களும் சேர்ந்தே சொல்கின்றன. அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீது 50 சதவிகித வரி போட்டதும் ஏற்றுமதி ஆயத்த ஆடைக்காரர்களின் கட்டமும் வாகன உதிரிபாகக்காரர்களின் கட்டமும் வேறு வேறானதும் நினைவிருக்கட்டும். ஒரே எஸ்டேட்டில், ஒரே தெருவில், எதிரெதிர் ஷெட்களில் இரண்டு கட்டங்கள்!

மீட்சியைக் காண விரும்புகிறவர்கள் டூல் ரூம்களைப் பார்க்கலாம். புது மாடல் சாலைக்கு வர மாதக்கணக்கு ஆகும். அதற்கு டை, ஃபிக்ஸ்சர் செய்யும் ஆர்டர் வெகு முன்னதாகவே வந்துவிடும். பிறகு ஓ.டி. திரும்பும். ‘ஆட்கள் தேவை’ போர்டு கேட்டில் தொங்குவது அதற்கும் பிறகு. இறங்கும்போது முதலில் வெளியேறிய கான்ட்ராக்ட் பையன், ஏறும்போது கடைசியில்தான் உள்ளே வருகிறான்.

அரசிடம் ஒரு கோரிக்கை

இந்த விவரங்களைச் சேகரிக்கப் புதிய ஆய்வு எதுவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள் ஆலைகள் பி.எஃப். கட்டுகின்றன, எத்தனை பேருக்கு என்ற எண்ணிக்கை அதில் இருக்கிறது. மின்வாரியத்திடம் ஃபீடர் வாரியாக யூனிட் கணக்கு இருக்கிறது. 2018 முதல் குறிப்பிட்ட மதிப்பைத் தாண்டிய சரக்கு நகர்வுக்கு இ-வே பில் கட்டாயம். சரக்கு புறப்படும் இடத்தின் பின்கோடு அதில் பதிவாகிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பின்கோடு 600058.

இந்த மூன்று எண்களையும் பெயர், கம்பெனி விவரம் எதுவும் இல்லாமல், தொழிற்பேட்டை வாரியாக, மாதந்தோறும் 20ஆம் தேதிக்குள் தமிழ்நாடு அரசு வெளியிட வேண்டும். மூன்றும் மூன்று மாதம் சேர்ந்து இறங்கினால், அந்தப் பேட்டையின் சிறு கடன்களுக்குத் தவணை அவகாசமும், வேலையிழந்த கான்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கு உதவித்தொகையும் யாரும் மனு போடாமலே தொடங்க வேண்டும். 600058இலிருந்து சென்ற மாதம் எத்தனை லோடு கிளம்பியது என்பது இந்த நிமிடம் ஒரு சர்வரில் பதிவாகியிருக்கிறது. அதைத் திறந்து காட்டுங்கள்.